அக்கரைக்கு நடந்து போன கம்பங்கள்

எங்கள் ஏழூருக்குச் சுதந்திரம் கிடைத்த மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில், கரண்டுக் கம்பங்கள் ஒவ்வொன்றாகக் காலை மண்ணிலிருந்து உருவிக்கொண்டு, கம்பிகளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்த்து நடக்கத் தொடங்கின. ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்புவதுபோலக் கிளம்பின. பால் வாங்கப் போனவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மேலூர் வளைவில் ஒரு கம்பம் சாய்ந்தபடியே நடந்து போனது. அது லாரி இடித்த கம்பம், எத்தனை மனுக் கொடுத்தும் அக்கரைக்காரன் நிமிர்த்தவே இல்லை, இப்போது பார் நொண்டிக்கொண்டு போகிறது என்று சொல்லி அதற்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

ஏழூர் என்றால் ஏழு ஊர். மூன்று பக்கம் ஆறு, பின்னால் மொட்டைமலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தலைநகரம், மந்திரிகள், ரயில், பெரிய ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சேர்த்து அக்கரை என்றுதான் சொல்லுவோம். மொட்டைமலையை வெட்டிக் கல் கல்லாக அக்கரைக்கு ஏற்றிப் போனார்கள், ஊருக்குத் தர வேண்டிய பங்கை ஒரு வருஷம்கூடத் தரவில்லை, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 'அக்கரைக்கு நம்மேல் அக்கறை இல்லை' என்று சுவரெங்கும் எழுதினோம், ஊர்வலம் போனோம், உண்ணாவிரதம் இருந்தோம், தலைவர் அறவாழி தலை நரைக்கும்வரை ஜெயிலில் இருந்தார், வெளியே வந்தார், மறுபடியும் போனார், கடைசியில் அக்கரைக்கே அலுத்துப்போய், போய்த் தொலையுங்கள் என்கிற முகத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரிதான் முக்கியம்: அக்கரையுடையது அக்கரைக்கு, இக்கரையுடையது இக்கரைக்கு. அறவாழி அதை மைக்கில் வாசித்தபோது நாங்கள் விசிலடித்ததோடு சரி. கம்பங்கள்தான் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கின்றன.

எது முதலில் வந்ததோ அது முதலில் போயிற்று. கம்பங்களுக்குப் பிறகு தபால்பெட்டிகள் போயின. அதற்குப் பிறகு தார்ரோடு பாய்போலச் சுருண்டு சுருண்டு போயிற்று, ரேஷன் கடைத் தராசு போயிற்று, பள்ளிக்கூட பெஞ்சுகள் வரிசை கலையாமல் போயின, தாலுகா ஆபீஸ் தன் கதவுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு போயிற்று, தண்ணீர் டேங்க் உள்ளே இருந்த தண்ணீரோடு தளும்பித் தளும்பிப் போயிற்று. அதன் பின்னாலேயே குடத்தோடு ஓடிய பெண்களுக்கு ஆளுக்கு அரைக்குடம் கிடைத்தது. ஆற்றுப்பாலத்தில் பாதி அக்கரைச் செலவு, பாதி எங்கள் வசூல், ஆகவே அது நடுவில் பிளந்து, அவர்கள் பாதி மட்டும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டது. ரூபாய் நோட்டுகள் பீரோ இடுக்கு வழியாகவும் முந்தானை முடிச்சு வழியாகவும் நழுவி, காய்ந்த இலைபோலத் தெருவில் தவழ்ந்து போனபோதுதான் ஜனங்கள் முதல்தடவையாகத் துடைப்பத்தை எடுத்தார்கள். துடைப்பத்துக்கு அவை நிற்கவில்லை.

"போகட்டும்!" என்றார் அறவாழி, கல்யாண மண்டபத்து மேடையில் நின்றுகொண்டு. மண்டபம் எங்கள் சொந்தம், அதனால் அது போகவில்லை, சட்டசபை அங்கேதான் கூடியது. "அவர்கள் பிச்சையை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். நம் கைகளால் நாம் செய்வோம்!"

கைதட்டினோம். கைகளால் கம்பம் எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

நிதிக்கு ஒரு மந்திரி வேண்டும் என்றபோது எல்லோரும் தில்லைநாயகியைக் கை காட்டினார்கள். கீழ ரதவீதியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவள், ஐம்பது வயது, கட்டைக் குரல், எந்தச் செக்போஸ்ட்டிலும் எந்தச் சரக்கையும் கடத்திவிடுவாள் என்று பெயர். அவள் பதவியேற்கப் போன அன்று கஜானாவில் பணம் இல்லை, பணம் வைக்கிற பீரோவும் இல்லை, பீரோ நின்ற இடத்தில் நாலு துருக்கறை மட்டும் இருந்தது. அவள் அந்தக் கறையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சபைக்குத் திரும்பி வந்தாள். அங்கே தேசியப் பறவை செம்போத்தா மரங்கொத்தியா என்று காலையிலிருந்து விவாதம் நடந்துகொண்டிருந்தது.

"ஏதாவது ஒரு பறவையை வச்சுத் தொலைங்க," என்றாள். "வாத்தியாருக்குச் சம்பளம் எப்படிக் கொடுக்கிறது? கெணத்துத் தண்ணி இந்த மாசம் தாங்குமா? ராத்திரி பிரசவம் வந்தா எந்த ரோட்டுல போறது? இதுக்கு யாராவது வாயைத் தொறங்க."

"மந்திரி உணர்ச்சிவசப்படுகிறார்," என்றார் அறவாழி.

"ஆமா. மந்திரிக்குக் காலையிலேருந்து குடிக்கத் தண்ணி கெடைக்கல."

சொந்தப் பணம் அடித்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. எங்களிடம் இருந்த ஒரே அச்சகம் கல்யாணப் பத்திரிகை அச்சகம். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில், மஞ்சள் தாளில், மூலைக்கொரு பிள்ளையாரோடு நோட்டு அடித்தார்கள். கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்கிற வரியை எடுக்க மறந்துபோனார்கள், அதன்கீழ் தில்லைநாயகியின் பெயர் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைக் கொடுத்தால் யார் என்ன தருவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. தென்னந்தோப்புக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மிரட்டி, கெஞ்சி, ஒரு நோட்டுக்கு ஒரு தேங்காய் எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்று உறுதி வாங்கினாள். அதிலிருந்து நோட்டு செல்லுபடியாயிற்று. ஆனால் மழை பெய்து காய்ப்புக் கூடியபோது எங்கள் பணத்தின் மதிப்பு இறங்கியது, தென்னையில் வண்டு விழுந்தபோது ஏறியது, குரங்குகள் தோப்பில் இறங்கிய அன்று பணக்காரர்கள் வீட்டில் ஒப்பாரி கேட்டது.

இவ்வளவையும் அவள் ஒரு கையால் செய்துகொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மறு கை ஆஸ்பத்திரியில் இருந்தது.

அவள் புருஷன் பூவராகனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஏழூர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டயாலிசிஸ் மெஷின். அதை நம்பி அவரைப்போல இன்னும் சிலபேர் முறைவைத்துப் படுத்து எழுந்தார்கள். அக்கரை வாங்கிக் கொடுத்ததுதான், ஆனால் கடைசியாக வந்த சாமான், ஆகவே கடைசியாகத்தான் போகும். கட்டிலெல்லாம் போய், ஸ்கேன் போய், ஆம்புலன்ஸ் ஆளில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போய், கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் அந்த மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் ரெஜினா அதைத் தாம்புக்கயிற்றால் தூணோடு கட்டி வைத்திருந்தாள். கட்டிய கயிறு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது.

தில்லைநாயகி பாலத்தின் இந்த முனையில் போய் நின்றாள். அந்த முனையில் அக்கரையின் சொத்துப் பிரிவினை அதிகாரி ஜெபக்கனி நின்றாள். நடுவில் தண்ணீர். இருவரும் கைகளை வாயருகே குவித்துக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மேடம், அந்த மெஷினை மட்டும் எங்களுக்கு விட்டுருங்க!"

"நான் எங்கம்மா கூப்பிட்டேன்?" என்று ஜெபக்கனி கத்தினாள். "உங்க கம்பம் பூரா எங்க நெல்வயல்ல வந்து நிக்குது. உங்க தாலுகா ஆபீஸ் எங்க தாலுகா ஆபீஸ் வாசல்ல குறுக்கே உக்காந்திருக்கு, உள்ளே போக வழியில்ல. எதை எங்க வைக்கிறதுன்னு எனக்கே தெரியல!"

"அப்ப விலைக்குக் கொடுங்க!"

"எந்தப் பணத்துல தருவீங்க? பிள்ளையார் போட்ட பணத்தை எங்க பேங்குல வாங்க மாட்டாங்க!"

தில்லைநாயகி திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பைச் சுவரில் விட்டெறிந்தாள். பூவராகன் அதை எடுத்து நெளிவைப் பார்த்துவிட்டு, "இது நம்ம சொம்பு நாயகி, போகாது, பத்திரமா வச்சுக்க," என்றார்.

பிறகுதான் கற்கள் வந்தன.

ஒப்பந்தத்தில் 'இக்கரையுடையது இக்கரைக்கு' என்று இரண்டாவது பாதி ஒன்று இருந்ததை நாங்களே மறந்திருந்தோம். மொட்டைமலையிலிருந்து பங்கு தராமல் கொண்டுபோன கற்கள் எல்லாம், அக்கரைக் கலெக்டர் ஆபீஸ் படிக்கட்டு, ரயில் பிளாட்பாரத்து ஓரக்கற்கள், சிலைகளுக்குக் கீழே இருந்த பீடங்கள், மந்திரிகள் வீட்டு வாசற்படி, அத்தனையும் ஒரு நாள் மத்தியானம் உருண்டு வந்து ஆற்றில் இறங்கி, நனைந்துகொண்டு கரையேறின. அன்றைக்கு எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சுதந்திர தினத்தன்றுகூட நாங்கள் அனுபவிக்கவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தோம். அறவாழி ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், அது நடிப்பில்லை, அந்தக் கல்லுக்காகத்தான் அவர் வயசு ஜெயிலில் போனது.

ஆனால் கற்கள் வந்துகொண்டே இருந்தன. மலைக்குத் திரும்ப அவற்றுக்குத் தெரியவில்லை, மலை இருந்த இடம் இப்போது பள்ளம். நாற்று நட்ட வயலில் உட்கார்ந்தன, கிணற்று வாயில் உட்கார்ந்தன, வாசலில் உட்கார்ந்து கதவைத் திறக்க விடாமல் செய்தன. கல்லைத் தின்ன முடியாது, கல்லுக்குள் தண்ணீர் இல்லை, எங்களைப்போல ஏழு ஊருக்கு எத்தனை படிக்கட்டுதான் வேண்டும்?

தில்லைநாயகி சபையில் எழுந்தாள். "அவங்களுக்குக் கல்லு வேணும். படியில்லாம கலெக்டர் ஏணி வச்சு ஆபீசுக்குள்ள ஏறுறாராம். நமக்குக் கம்பம் வேணும், டேங்க் வேணும், மெஷின் வேணும். கல்லைக் கொடுத்து வாங்கிக்கலாம். இந்தத் தடவை விலை நாம சொல்லலாம்."

சபை கொந்தளித்தது. தியாகிகளின் கல், விற்பதா என்றார்கள். அதற்கு நினைவு மண்டபம் கட்ட ஏற்கெனவே குழு போட்டாயிற்று என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "புருஷன் மூத்திரத்துக்காக நாட்டை விக்கிறா!"

சொன்னவனே தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா," என்றாள் தில்லைநாயகி. அவள் சத்தம் போடவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. "என் புருஷனுக்காகத்தான். இன்னும் அந்த மெஷின்ல படுக்கிறவங்க ஒவ்வொருத்தரும் யாருக்கோ புருஷன், யாருக்கோ பொண்டாட்டி. வேற யாருக்காக நாடு? கல்லுக்காகவா?"

ஓட்டெடுப்பை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார் அறவாழி. மறுநாள் நினைவு மண்டபத்தின் பெயர் தியாகிகள் மண்டபமா வீரர் மண்டபமா என்று பேச்சுப் போய்க்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து கயிறு அறுந்த சத்தம் கேட்டது.

மெஷின் கிளம்பிவிட்டது. பூவராகன் அதில் படுத்திருந்த நேரம் அது. அவர் கையிலிருந்து போன இரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் சுற்றி அவருக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கழற்ற அவகாசமில்லை. ரெஜினா, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து சக்கரம் மாட்டியிருந்த கட்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே மெஷினுக்குப் பின்னால் ஓடினாள். சபையிலிருந்து ஓடி வந்த தில்லைநாயகி மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். தார் உரிந்த செம்மண் தெருவில், கற்களைச் சுற்றிச் சுற்றி, சக்கரங்கள் கிறீச்சிட, மெஷின் முன்னாலும் கட்டில் பின்னாலுமாகப் போன அந்த ஊர்வலத்தை நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். பூவராகன் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மேடம், பேட்டரி கொஞ்ச நேரந்தான் தாங்கும்," என்றாள் ரெஜினா. "தண்ணில எறங்குறதுக்குள்ள ரத்தத்தைத் திருப்பிவிட்டுக் கழட்டணும்."

"கழட்டினா?"

"மெஷின் போயிரும்."

படித்துறையில் மணல் அள்ளுகிற தோணி ஒன்று நின்றது. மெஷின் அதில் தானே ஏறியது. கட்டிலையும் ஏற்றினார்கள். தோணிக்காரன் துடுப்பைத் தொடவே இல்லை, மெஷின் போகிற வேகத்தில் தோணி ஆற்றுக்குள் போயிற்று. நடு ஆற்றுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

தோணி எங்கள் தோணி. அது ஆற்றில் எங்கள் பாதியைத் தாண்டாது. மெஷின் அவர்கள் மெஷின். அது இக்கரைக்குத் திரும்பாது. ஒன்று முன்னால் இழுக்க, ஒன்று பின்னால் இழுக்க, ஓடுகிற ஆற்றில் ஆணியடித்ததுபோலத் தோணி நின்றது. தில்லைநாயகி இரண்டு கரையையும் பார்த்தாள். பிறகு கீழ ரதவீதியில் லாரிக்காரர்களை விரட்டுகிற அதே குரலில் கத்தினாள்.

"அறவாழி அண்ணே! ஜெபக்கனி மேடம்! ரெண்டு பேரும் இப்ப இங்க வரணும்! வரலேன்னா இந்த ஆறு உள்ளவரைக்கும் உங்க ரெண்டு பேரையும் ஏசுவேன்!"

வந்தார்கள். ஜெபக்கனி ஒரு பரிசலில், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அறவாழி இன்னொரு பரிசலில், விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு வந்தார். அவருக்குத் தண்ணீர் பயம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது, அத்தனை வருஷமும் அவர் பாலத்தின் நடுவில்தான் நடந்திருக்கிறார்.

"கல்லை எடுத்துக்குங்க," என்றாள் தில்லைநாயகி, ஜெபக்கனியிடம். "இந்த மெஷினும், கம்பமும், டேங்கும், ரோடும், பள்ளிக்கூடத்துச் சாமானும் எங்களுக்கு. கரண்டுக்கு வருஷாவருஷம் உள்ளதைத் தேங்காயாத் தருவோம்."

"எனக்கு அதிகாரம் இல்லையேம்மா. மேலே எழுதிக் கேக்கணும்..."

"மேலே யாரு? ஏணியில தொங்கிக்கிட்டிருக்கிற கலெக்டரா?"

ஜெபக்கனி கையிலிருந்த செருப்பைப் பரிசலுக்குள் போட்டாள். அவளும் கால்கடுக்க நிற்கிறவள்தான், நெல்வயல்காரர்களிடம் தினமும் ஏச்சு வாங்குகிறவள்தான். "கம்பத்தை நீங்க இன்னைக்கே எடுத்துக்கிறதா இருந்தா கையெழுத்துப் போடறேன்," என்றாள்.

அறவாழி விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "தலைவர் சொல்லுங்க," என்றாள் தில்லைநாயகி.

"கல்லைக் கொடுத்துவிட்டால் நாம் எதற்காகப் போராடினோம் என்று நாளைக்கு ஒருவன் கேட்பான்."

"கேக்கட்டும். கேக்கிறதுக்கு உயிரோட இருக்கணும்ல?"

அவர் பூவராகனைப் பார்த்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். குழாய்க்குள் இரத்தம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, மெஷினில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியத் தொடங்கியிருந்தது.

"பூவராகா, வலிக்குதாடே?" என்றார். மேடைத்தமிழ் அவரிடமிருந்து போய்விட்டிருந்தது.

"வலியெல்லாம் இல்லடே. சலிப்பாத்தான் இருக்கு. சட்டுன்னு போட்டுட்டுப் போ."

அறவாழி விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது கரையில் நின்ற எங்களுக்கே தெரிந்தது. ஜெபக்கனியின் பேனாவை வாங்கி, ரெஜினா கொடுத்த மருந்துச் சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டார். ஜெபக்கனியும் போட்டாள். அந்தக் கணமே மெஷின் இழுப்பதை விட்டது. தோணி லேசாக ஒரு குலுக்குக் குலுங்கி எங்கள் கரையைப் பார்த்துத் திரும்பியது. ரெஜினா பூவராகனின் இரத்தத்தை அவருக்கே முழுதாகத் திருப்பிவிட்டு, ஊசியைக் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலத்துக்குள் கற்கள் ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போயின. சிலபேர் கும்பிட்டார்கள், சிலபேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதிரே கம்பங்கள் வந்தன. நடு ஆற்றில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டன. ஆனால் திரும்பி வந்த கம்பங்கள் பழைய இடம் தெரியாமல் தோன்றிய இடத்தில் நின்றன. டேங்க் சந்தைத் திடலில் உட்கார்ந்துகொண்டது. ரோடு பாதி தூரம் விரிந்துவிட்டு ஆலமரத்தடியில் சுருளாகவே கிடந்தது. கரண்டுக்குத் தர வேண்டியதைக் கூட்டிப் பார்த்ததில், முன்பு வரியாகக் கொடுத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. தில்லைநாயகி அதைச் சபையில் மறைக்காமல் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை.

அடுத்த நாள் காலையில், அவள் வாயில் தண்ணீர் ஊற்றுவதற்குள், நடுவூர் சண்முகவடிவு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"மந்திரியம்மா, எங்க மாட்டுத்தொழுவத்து வாசல்ல ஒரு கம்பம் வந்து நிக்குது. மாடு வெளிய வர முடியாமக் கத்துது. என்ன நாடு நடத்துறீங்க நீங்க?"

தில்லைநாயகி சொம்பைக் கீழே வைத்தாள். அத்தனை வருஷமும் கம்பத்துக்காக நாங்கள் மனு எழுதி ஆற்றைத் தாண்டி அனுப்பியிருக்கிறோம், முகம் தெரியாத யாரையோ ஏசியிருக்கிறோம். ஏச வேண்டிய ஆள் நடந்து போகிற தூரத்தில் இருப்பது அன்றுதான் முதல்தடவை.

"வா, போய்ப் பாப்போம்," என்றாள்.

கம்பம் தொழுவத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டோம். தள்ளிப்போகச் சொல்லிப் பார்த்தோம். அதட்டினோம். ஒருவர் கும்பிட்டுக்கூடக் கேட்டார். அசையவில்லை. அது இப்போது எங்கள் கம்பம், இனிமேல் அது தானாக எங்கேயும் நடக்காது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"கடப்பாரை எடுத்துட்டு வாங்கடா," என்றாள் தில்லைநாயகி. அடியைத் தோண்டிக் கம்பத்தைச் சாய்த்தோம். சண்முகவடிவு ஒரு முனையில் தோள் கொடுத்தாள், தில்லைநாயகி அவளுக்குப் பின்னால், நாங்கள் வரிசையாக. யார் எந்தப் பக்கம் தூக்குவது என்பதில் ஒரு சண்டை வந்தது. சண்டை போட்டுக்கொண்டே தூக்கினோம். இவ்வளவு கனமாக இருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்திருக்கவில்லை.